உலகப் படங்களும் ஆவணப்படங்களும்: குமரி மாவட்டப் பார்வையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு சிறிய அரங்கில் மாதம் ஒருமுறை பிற நாட்டுக் கலைப்படங்களையும் ஆவணப்படங்களையும் திரையிட்டு வருகிறோம். வருகிறவர்களில் ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் உண்டு. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளர்களும் கடலுக்குப் போகிறவர்களும் உண்டு. படம் முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், அவற்றுக்கு அப்போதே சொன்ன பதில்களையும், வீட்டுக்குப் போன பிறகு தோன்றிய பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

கலைப்படம், உலக சினிமா, அவார்டு படம் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. 'உலக சினிமா' என்பது நம் மொழியில் பிற நாட்டுப் படம் எதையும் குறிக்கப் புழங்கும் சொல். ஹாங்காங் சண்டைப் படமும் அதற்குள் அடங்கும். 'அவார்டு படம்' என்பதில் பாதி மரியாதை, பாதி கேலி. நாங்கள் கலைப்படம் என்று சொல்வது, பார்வையாளர் எந்த இடத்தில் அழ வேண்டும், எந்த இடத்தில் கோபப்பட வேண்டும் என்பதைப் பின்னணி இசையால் முன்கூட்டியே தீர்மானித்துவிடாமல், பார்ப்பதற்கும் யோசிப்பதற்கும் இடம் விடுகிற படத்தை. இதற்கு விதிவிலக்குகள் ஏராளம் என்பதால் இந்த வரையறையை வைத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

இதுவரை ஒரு படமும் பார்த்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது?

'கட்டாயம் பார்க்க வேண்டிய நூறு படங்கள்' என்ற வகைப் பட்டியல்களிலிருந்து தொடங்க வேண்டாம். உங்களுக்குக் கைவந்த தொழில் எதுவோ, அதைப் பற்றிய படத்திலிருந்து தொடங்குங்கள். இது நாங்கள் தடுமாறிக் கற்றுக்கொண்டது.

மார்த்தாண்டம் பகுதியில் தேன்பெட்டி வைத்திருப்பவர்களுக்காக 2019இல் வெளிவந்த 'ஹனிலேண்ட்' ஆவணப்படத்தைத் திரையிட்டோம். வடக்கு மாசிடோனியாவில், மின்சாரம் எட்டாத ஒரு மலைக் கிராமத்தில், படுக்கையில் கிடக்கும் தாயுடன் வாழும் ஹதிஜே முராத்தோவா என்ற பெண், பாறை இடுக்குகளிலும் கல்சுவரின் பொந்துகளிலும் இருக்கும் கூடுகளிலிருந்து பாதித் தேனை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைத் தேனீக்களுக்கே விட்டுவிடுகிறார். பக்கத்தில் மாடுகளோடும் பிள்ளைகளோடும் வந்து குடியேறுகிற ஒரு குடும்பம் அவரிடமே தொழிலைக் கேட்டறிந்துகொண்டு, வியாபாரியின் நெருக்குதலுக்கு உடன்பட்டு அளவுக்கு மீறித் தேனை எடுத்துவிட, அந்தத் தேனீக்கள் ஹதிஜேயின் கூடுகள்மேல் பாய்ந்து அவற்றை அழித்துவிடுகின்றன. தமாரா கோதெவ்ஸ்கா, லுபோமிர் ஸ்தெஃபனோவ் என்ற இருவர் மூன்று ஆண்டுகளில் எடுத்த 400 மணி நேரத்துக்கும் மேற்பட்ட காட்சிகளை ஒன்றரை மணி நேரத்துக்குள் தொகுத்திருக்கிறார்கள். ஆஸ்கர் விருதுக்கு ஆவணப்படப் பிரிவிலும் பன்னாட்டுப் படப் பிரிவிலும் ஒரே ஆண்டில் பரிந்துரைக்கப்பட்ட முதல் படம் இதுதான்.

விருதுச் செய்தி எங்கள் பார்வையாளர்களை அசைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அடைகளை வெட்டி எடுக்கும் காட்சி வந்தபோதே, முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் "இனி கொள்ளை வரும், பாருங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். இரை இல்லாத கூட்டத்துத் தேனீ மற்றொரு கூட்டத்தின் தேனைக் கொள்ளையடிக்கும் என்பது, ரப்பர் இலைத் தேன் வற்றிப்போகும் மழை மாதங்களில் பெட்டிகளுக்குச் சர்க்கரைப் பாகு வைத்துப் பழகிய அவருக்குத் தெரியாததல்ல. இயக்குநர்கள் அரை மணி நேரம் கழித்துக் காட்டப்போவதை அவர் அப்போதே பார்த்துவிட்டார். நான் அந்தப் படத்தை அதற்கு முன் இரண்டு முறை பார்த்தவன். அந்தக் காட்சியில் எனக்கு எதுவும் தோன்றியதில்லை.

பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கும் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) நிலம் எடுப்பவர்களுக்கும் எர்மான்னோ ஓல்மியின் 'தி ட்ரீ ஆஃப் வுடன் க்ளாக்ஸ்' (1978) பொருந்தும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இத்தாலியப் பண்ணையொன்றில் விளைச்சலின் பெரும்பங்கை உடைமையாளருக்கு அளந்துவிட்டு வாழும் குடும்பங்களின் கதை அது. பள்ளிக்கு நெடுந்தூரம் நடக்கும் மகனின் மரச்செருப்பு உடைந்துபோக, தகப்பன் பண்ணை மரமொன்றை வெட்டிப் புதுச் செருப்பு செதுக்குகிறான். அதற்காகக் குடும்பமே வெளியேற்றப்படுகிறது. நடித்தவர்கள் பெர்கமோ வட்டாரத்து விவசாயிகள்.

கடல் தொழிலைப் பற்றிய நல்ல படங்கள் உண்டா?

உண்டு, அவற்றில் முதலாவதாக நாங்கள் சொல்வது லூக்கினோ விஸ்கோந்தியின் 'லா தெர்ரா த்ரேமா' (1948). சிசிலித் தீவின் ஆச்சி த்ரேத்சா என்ற மீனவ ஊரில், அந்த ஊர் மக்களையே நடிக்கவைத்து, அவர்கள் பேச்சிலேயே எடுக்கப்பட்ட படம். அந்த வட்டார வழக்கு மற்ற இத்தாலியர்களுக்கே புரியாது என்பதால் நடுநடுவே பொது இத்தாலியனில் ஒரு குரல் கதையை விளக்கிச் செல்லும். நம் கடலோரத்து நீரோடியிலோ இரயுமன்துறையிலோ இருவர் வேகமாகப் பேசிக்கொள்வதைச் சென்னைக்காரர் ஒருவர் கேட்டால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

கதை எளியது. மொத்த வியாபாரிகள் விலையை அடித்துப் பேசுவதைப் பொறுக்காத இளைஞன் ந்தோனி, அவர்களுடைய தராசைத் தூக்கிக் கடலில் எறிகிறான். பிறகு வீட்டை அடகு வைத்து, சொந்தமாகத் தொழில் செய்யத் துணிகிறான். நெத்தோலி நிறையக் கிடைக்கிறது. குடும்பமே கூடி உட்கார்ந்து அதைப் பீப்பாய்களில் உப்பிடுகிறது. அடுத்து ஒரு புயலில் படகு உடைகிறது, வீடு போகிறது, கடைசியில் அதே வியாபாரிகளிடம் கூலிக்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. தராசு கடலில் விழுந்தபோது எங்கள் அரங்கில் எழுந்த கைதட்டல் எந்த நட்சத்திரத்தின் அறிமுகக் காட்சிக்கும் குறைந்ததல்ல. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம் என்று அறிவித்தபோது, பத்துப் பேர்கூட வர மாட்டார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அதற்கு நேர் எதிர்த்திசையில் போவது லூசியன் காஸ்தெய்ன்-டெய்லரும் வெரேனா பாரவெலும் எடுத்த 'லெவியதன்' (2012). அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்திலிருந்து புறப்படும் இழுவைப்படகில் எடுக்கப்பட்ட இந்த ஆவணப்படத்தில் விளக்கும் குரலும் இல்லை, பேட்டியும் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் கேமராக்களைத் தொழிலாளர்களின் உடலிலும் கம்பு முனையிலும் பொருத்தி, தளத்தில் துள்ளும் மீன்களுக்கு நடுவிலும் அலைக்கு அடியிலும் விட்டிருக்கிறார்கள். திரையரங்கில் பார்த்தால் தலை சுற்றும். வெறும் வயிற்றோடு வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கல்லூரி மாணவர்கள் இதை வெகுவாக ரசித்தார்கள். கடலுக்குப் போகிறவர்களோ, "இதைத்தானே தினமும் பார்க்கிறோம்" என்றார்கள்.

ஆவணப்படம் என்றால் நடந்தது நடந்தபடி இருக்க வேண்டாமா? அதில் நடிக்கவைப்பது ஏமாற்று அல்லவா?

ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் 'மேன் ஆஃப் ஆரன்' (1934) திரையிட்டபோது எழுந்த கேள்வி இது. அயர்லாந்துக்கு மேற்கே, மண்ணே இல்லாத பாறைத் தீவில் மக்கள் கடற்பாசியையும் மணலையும் சுமந்து வந்து கொட்டி உருளைக்கிழங்கு விளைவிப்பதையும், மெல்லிய படகுகளில் போய்ப் பெருஞ்சுறாக்களை எறியீட்டியால் வேட்டையாடி, ஈரலை உருக்கி விளக்கெரிக்க எண்ணெய் எடுப்பதையும் அந்தப் படம் காட்டுகிறது. உண்மையில், படம் எடுக்கப்பட்ட காலத்தில் அங்கே சுறா வேட்டை நின்றுபோய்ப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. மறந்துபோன தொழிலைத் தீவினருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்துத்தான் எடுத்தார்கள். தாய், தகப்பன், மகன் என்று வருகிற மூவரும் ஒரே குடும்பத்தவர் அல்லர், முகத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஃப்ளாஹர்ட்டியின் முந்தைய படமான 'நானூக் ஆஃப் த நார்த்' (1922) எடுக்கப்பட்டபோதும் இதே கதைதான். துப்பாக்கி வைத்திருந்த வேட்டைக்காரர்களை ஈட்டி பிடிக்கச் சொன்னார். வெளிச்சம் போதாது என்பதால் பனிவீட்டைப் பாதி திறந்தபடி கட்டவைத்தார். நாயகனின் பெயரே நானூக் அல்ல, அல்லகரியால்லக்.

தூத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர், சுறாவுக்குத் தூண்டில் போட ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்குகிறவர், இதைக் கேட்டுவிட்டுச் சொன்னது என் நினைவில் நிற்கிறது: "எங்க ஊருக்குப் படம் பிடிக்க வாறவங்களும் விசைப்படகைத் திரும்பிப் பார்க்கமாட்டாங்க. கட்டுமரம் எங்கே இருக்குன்னுதான் கேப்பாங்க." ஃப்ளாஹர்ட்டி செய்ததன் பிழை நடிக்கவைத்ததில் இல்லை, தன் மனத்திலிருந்த பழைய உலகத்தை அந்த மக்களின் இன்றைய வாழ்க்கை என்று காட்டியதில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

நடிக்கவைத்தும் உண்மையாக இருக்க முடியும் என்பதற்கு அப்பாஸ் கியாரொஸ்தமியின் 'க்ளோஸ் அப்' (1990) சாட்சி. டெஹ்ரானில் ஹொசைன் சப்ஸியான் என்ற ஏழை, தன்னைப் புகழ்பெற்ற இயக்குநர் மொஹ்சென் மக்மல்பாஃப் என்று சொல்லிக்கொண்டு ஒரு குடும்பத்தோடு பழகி, பிடிபட்டு வழக்கில் சிக்குகிறார். ஏமாற்றியவர், ஏமாந்தவர்கள் எல்லாரையும் கொண்டே நடந்ததைத் திரும்ப நடிக்கவைத்து, நீதிமன்ற விசாரணையையும் அதனோடு சேர்த்திருக்கிறார் கியாரொஸ்தமி. எது நடந்தது, எது நடிக்கப்பட்டது என்று பிரித்தறிய முயன்று தோற்றுப்போவதே அந்தப் படத்தின் சுவை.

இந்தப் படங்கள் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கின்றன?

இதைக் கேட்கிறவர்களில் பலர், கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்கு முன்னால் விடிய விடிய உட்கார்ந்து பழகியவர்கள். புலவர் கதையை நிறுத்தி ஒரு பூவின் அழகையோ ஒரு பெண் நடந்துபோகும் வழியையோ அரை மணி நேரம் வர்ணிக்கும்போது நமக்குச் சலிப்பதில்லை. கதை நமக்கு முன்பே தெரியும், அடுத்து என்ன என்ற பதற்றம் இல்லை, சொல்லும் விதத்தில் மனம் நிற்கிறது. அதே மனநிலையோடு படத்துக்கு வாருங்கள். கதைச்சுருக்கத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வந்தாலும் குற்றமில்லை. நாங்களே அரங்க வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுகிறோம்.

ஷந்தால் ஆக்கர்மன் 25 வயது நிறையும் முன்பே முடித்த 'ஜான் தீல்மன்' (1975) படம் 201 நிமிடங்கள் ஓடுகிறது. பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் மகனோடு வாழும் ஒரு விதவையின் மூன்று நாள். உருளைக்கிழங்கு தோல் சீவுவது, பாத்திரம் கழுவுவது, படுக்கை விரிப்பது என்று வீட்டு வேலைகளை அசையாத கேமரா முழு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடக்கும். இரண்டாம் நாள் கிழங்கு குழைந்துபோகும். அந்த ஒரு சிறு பிசகில் அரங்கிலிருந்த பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், ஆண்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2022இல் பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' திரைப்பட இதழ் மிகச் சிறந்த படங்களுக்காக நடத்திய வாக்கெடுப்பில் விமர்சகர்கள் இதை முதலிடத்தில் வைத்தார்கள். ஒரு பெண் இயக்கிய படம் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை. வயதுவந்தோர் மட்டும் பார்க்க வேண்டிய படம்.

எல்லா மெதுவான படமும் நல்ல படம் என்று சொல்ல வரவில்லை. சலிப்பை ஆழம் என்று நம்பவைக்கும் படங்களும் விழாக்களில் வருகின்றன. அவற்றில் தூங்கிவிடுவது தவறல்ல.

படம் புரியவில்லை என்றால் என்ன செய்வது?

தாய்லாந்தின் அபிச்சாட்போங் வீரசேத்தகுல் இயக்கி, 2010இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'அங்கிள் பூன்மீ' படத்தில், சிறுநீரக நோயால் சாகக் கிடக்கும் ஒருவர் இரவு உணவுக்கு உட்கார்ந்திருக்கையில், பல ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன மனைவி மெல்ல மெல்ல உருத்தெரிந்து மேசையருகே வந்து உட்காருகிறார். காணாமற்போன மகன் சிவந்த கண்களோடு குரங்கு ஆவியாகப் படியேறி வருகிறான். யாரும் அலறுவதில்லை, தண்ணீர் கொடுத்து நலம் விசாரிக்கிறார்கள். இதற்குப் பெருநகர விமர்சகர்கள் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதியிருக்கிறார்கள். இசக்கியம்மனும் சுடலைமாடனும் ஊர் எல்லையில் இருக்க, இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு அந்த விளக்கங்கள் தேவைப்படுமா என்பது சந்தேகமே. புரியாத இடத்தை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த காட்சியைப் பாருங்கள்.

சப்டைட்டில் வேகமாக ஓடிவிடுகிறது. தமிழில் கிடைக்குமா?

பெரும்பாலான படங்களுக்கு ஆங்கில எழுத்துதான் கிடைக்கிறது. தேர்ந்தெடுத்த படங்களுக்கு நாங்களே தமிழில் எழுதுகிறோம். ஆங்கில வரி ஓடும் அதே இரண்டு மூன்று நொடிகளில் தமிழ் வரியையும் படித்தாக வேண்டும். நம் சொற்களோ நீளமானவை. எனவே வசனத்தை முழுமையாகப் பெயர்ப்பதில்லை. பேசுகிறவர் முகம் சொல்லிவிடுவதை எழுத்தில் விட்டுவிடுகிறோம். 'என்னை மன்னித்துவிடுங்கள்' என்பதை எழுதிப் பார்த்து, பிறகு நீக்கிவிட்ட இடங்கள் பல.

எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் முதியவர்கள் வரும்போது ஒருவர் மைக்கில் வாசிப்பதும் உண்டு. ஜப்பானில் மௌனப்படக் காலத்தில் 'பென்ஷி' என்ற கதைசொல்லிகள் திரைக்குப் பக்கத்தில் நின்று இதைத் தனிக்கலையாகவே வளர்த்திருந்தார்கள். எங்கள் வாசிப்பு அவ்வளவு தேர்ந்ததல்ல. ஒருமுறை வாசிப்பவர் ஒரு பக்கத்தைத் தவறவிட்டதால், கணவன் பேச வேண்டியதையெல்லாம் மாமியார் பேசிக்கொண்டிருந்தார்.

சுனாமியும் ஒக்கியும் பார்த்த ஊரில் துயரப் படங்களைத் திரையிட வேண்டுமா?

இந்தக் கேள்வியை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2004 டிசம்பர் 26இல் கொளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மேலமணக்குடியிலும் உறவினரைப் பறிகொடுத்தவர்களும், 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டாரும் எங்கள் அரங்குக்கு வருகிறார்கள்.

ஜான்ஃப்ராங்கோ ரோசியின் 'ஃபயர் அட் சீ' 2016இல் பெர்லின் விழாவில் தங்கக்கரடி பெற்ற ஆவணப்படம். இத்தாலியின் லாம்பெதூசா தீவில் உண்டிவில்லோடு திரியும் ஒரு சிறுவனின் அன்றாடமும், ஆப்பிரிக்காவிலிருந்து நெரிசலான படகுகளில் வந்து சேரும், வந்து சேராமற்போகும் அகதிகளின் நிலையும் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே போகின்றன. தொடக்கத்திலேயே மூழ்கும் படகிலிருந்து வானொலியில் ஒரு குரல் கெஞ்ச, கரையிலிருப்பவர் "நீங்கள் இருக்கும் இடம் எது?" என்று மீண்டும் மீண்டும் கேட்கிறார். அந்தக் கேள்வியைக் கரையிலிருந்து எத்தனை பேர் கேட்டுக் காத்திருந்தார்கள் என்பதை அறிந்திருந்ததால், கடலோர ஊர்களில் இந்தப் படத்தை இதுவரை திரையிடவில்லை. நாகர்கோவிலில் திரையிட்டபோதும் அந்தக் காட்சியைப் பற்றி முன்பே சொல்லிவிட்டோம்.

கியாரொஸ்தமியின் 'அண்ட் லைஃப் கோஸ் ஆன்' (1992) வேறு வகை. வட ஈரானை 1990 ஜூனில் பெரும் நிலநடுக்கம் உலுக்கியபின், தம் முந்தைய படத்தில் நடித்த சிறுவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்று தேடி ஓர் இயக்குநர் மகனோடு காரில் போகிறார். வழியில் ஒருவர் இடிபாடுகளுக்கு நடுவே தொலைக்காட்சி ஆன்டெனா கட்டிக்கொண்டிருக்கிறார். இவ்வளவு சாவுக்குப் பிறகும் ஆட்டம் பார்க்கத்தான் வேண்டுமா என்று கேட்டால், உலகக் கோப்பை நான்காண்டுக்கு ஒருமுறைதானே வருகிறது என்கிறார். மாலையானால் கடற்கரை மணலில் கால்பந்து ஆடும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் அந்த இடத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சுனாமியில் வீட்டை இழந்தவர்களும் இருந்தார்கள்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

கியாரொஸ்தமியின் 'வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்' (1987), ஜாபர் பனாகியின் 'த வைட் பலூன்' (1995), 34 நிமிடமே ஓடும் பிரெஞ்சுப் படமான 'த ரெட் பலூன்' (1956) ஆகியவற்றுக்குக் கட்டாயம் அழைத்து வாருங்கள். மற்றவற்றுக்கு அறிவிப்பில் வயது குறிப்பிட்டிருப்போம்; தயவுசெய்து அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

வீட்டில் அப்பா அம்மாவோடு பார்க்க ஒரே ஒரு படம் சொல்ல முடியுமா?

யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953). கடலோரச் சிறுநகரமான ஓனொமிச்சியிலிருந்து முதிய தம்பதியர் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர்; நேரம் இல்லாதவர்கள். போரில் இறந்த மகனின் மனைவி மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். கேமரா பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கும் கீழே நிற்கிறது. பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் இதைத் தனியாகப் பார்ப்பதைவிடச் சேர்ந்து பார்ப்பது நல்லது.

ஓடிடி சந்தா இருக்கிறது. ஊர் நூலகத்தில் நானே திரையிடலாமா?

வீட்டில் பார்ப்பதற்கான வட்டும் சந்தாவும் பொது அரங்கில் காட்டும் உரிமையைத் தருவதில்லை. உரிமையாளரிடம் எழுதிக் கேளுங்கள். சிறிய அமைப்புகளுக்குக் குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ தருகிற இயக்குநர்கள் இருக்கிறார்கள். 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழும் தேவை. தொடர்ந்து நடத்த எண்ணினால், 1959இல் சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு தொடங்கப்பட்ட இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பை அணுகுவது நல்ல வழி.

திருவனந்தபுரம் விழாவுக்கு இங்கிருந்து போய்வர முடியுமா?

தாராளமாக. 1956 நவம்பர் 1இல் குமரி தமிழ்நாட்டோடு சேரும் வரை நமக்கும் அதுதானே தலைநகர். கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழா டிசம்பரில் நடக்கிறது. முன்பதிவு செய்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்தும் குழித்துறையிலிருந்தும் காலை ரயிலில் போய் மூன்று படம் பார்த்துவிட்டு இரவு திரும்பிவிடலாம். ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் தனியாக மற்றொரு விழாவும் அங்கே 2008 முதல் நடக்கிறது. கூட்டம் குறைவு, வரிசையில் நிற்கும் நேரமும் குறைவு, எனக்கு அதுவே பிடிக்கும்.

திரையிடல் ஏன் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை மாலையில்?

பால்வெட்டுக்கு விடியுமுன் போகிறவர்கள் இரவுக் காட்சிக்கு வர முடியாது. ஞாயிறன்று கடலோர ஊர்களில் தொழிலுக்குப் போவதில்லை. நீண்ட படங்களை மேற்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலமான ஜூன், ஜூலை மாதங்களுக்கு ஒதுக்குகிறோம். அப்போது பெருமழை என்பதால் மின்தடைக்கும் தயாராக வாருங்கள்.

எங்கள் ஊரைப் பற்றி நாங்களே ஆவணப்படம் எடுக்க விரும்புகிறோம். விலை உயர்ந்த கேமரா வேண்டுமா?

ஆக்னஸ் வர்தா 'த க்ளீனர்ஸ் அண்ட் ஐ' (2000) படத்தைக் கையடக்க டிஜிட்டல் கேமராவோடு எடுத்தபோது அவருக்கு எழுபது வயதைத் தாண்டியிருந்தது. அறுவடைக்குப் பின் வயலில் விடப்பட்டதைப் பொறுக்கி வாழ்கிறவர்களைத் தேடிப் பிரான்சு முழுவதும் அலைந்தார். ஒரு கையால் படம் பிடித்தபடியே, சந்தைக்கு ஆகாது என்று கொட்டப்பட்ட கிழங்குகளிலிருந்து இதய வடிவக் கிழங்கை இன்னொரு கையால் பொறுக்கினார். இன்றைய கைபேசி அந்தக் கேமராவைவிடத் தெளிவாகப் படம் எடுக்கும். படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஒலிதான். முட்டத்துப் பாறையில் நின்று ஒருவர் முக்கால் மணி நேரம் பேசியதை எங்கள் நண்பர் பதிவு செய்து வந்தார். காற்றின் இரைச்சலைத் தவிர ஒரு சொல்லும் அதில் இல்லை. தனி மைக் வாங்கி, அதற்குப் பஞ்சு உறை போட்டு, பேசுகிறவரின் சட்டைக்குள் மாட்டுங்கள். கரமடி (கரையிலிருந்து இழுக்கும் வலை) இழுக்கும்போது பாடும் பாட்டைப் பதிவு செய்வதானால், காற்று தணிந்திருக்கும் விடியற்காலையில் போங்கள்.